ரெண்டு டிகிரி குறைத்து வை

பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு பொறி விழுந்தால் பிரயோஜனம் இல்லை. வந்து சேர்வதற்கு முன்பே விழ வேண்டும். எவ்வளவு முன்பு என்பதில்தான் இழுவை, சூடு, எஞ்சினின் ஆயுசு எல்லாம் அடங்கியிருக்கிறது. பழைய காரை வாங்கி வேகமாக்கப் பார்க்கிற தம்பிமார் எங்கள் பக்கத்தில் இப்போது நாலைந்து பேர் இருக்கிறார்கள். வ. புதுப்பட்டியில் தென்னந்தோப்புக்குள் ஷெட் போட்டு ஒருவன், ராஜபாளையத்தில் மில் குடோனுக்குப் பின்னால் ஒருவன். ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் அவர்கள் இதைக் கொஞ்சம் படித்தால் நல்லது.

பெட்ரோல் சிலிண்டருக்குள் வெடிப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது வெடிக்கக் கூடாது, எரிய வேண்டும். பிளக் முனையில் பற்றிய தீ பரவி அழுத்தம் உச்சத்துக்குப் போக, நல்ல ஓட்டத்தில் சுமார் ரெண்டு மில்லி செகண்ட் ஆகும். ஒரு செகண்டை ஆயிரமாகப் பிரித்து அதில் ரெண்டு பங்கு. நிமிடத்துக்கு 3000 சுற்றில் கிராங்க் அந்த நேரத்தில் 36 டிகிரி சுற்றிவிடும். பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கீழே இறங்கத் தொடங்கி, கிராங்க் 15 டிகிரி வாக்கில் வரும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால்தான் முழு உந்துதலும் சக்கரத்துக்குப் போகும். ஆகவே உச்சிக்கு இருபது, இருபத்தைந்து டிகிரி முன்பே பொறி போட்டாக வேண்டும். இதே எஞ்சின் 800 சுற்றில் ஐடிலிங்கில் நிற்கும்போது கிராங்க் ஒரு மில்லி செகண்டுக்கு ஐந்து டிகிரிகூடச் சுற்றாது. அப்போது ஐந்து, பத்து டிகிரி முன்பு போட்டாலே போதும்.

ஹென்றி ஃபோர்டின் மாடல் டி காரில் இந்தக் கணக்கை டிரைவரேதான் போட வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே ரெண்டு லீவர் இருக்கும். வலது பக்கம் ஆக்சிலேட்டர், இடது பக்கம் பொறி. கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணும்போது பொறி லீவரைப் பின்னுக்குத் தள்ள மறந்தால் எஞ்சின் திருப்பி அடிக்கும். அப்படிக் கை முறிந்தவர்கள் ஏராளம். பிறகு வந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரெண்டு சின்ன எடைகளும் ரெண்டு ஸ்பிரிங்கும் அந்த லீவரின் வேலையை எடுத்துக்கொண்டன. வேகம் கூடினால் எடைகள் விலகும், பொறி முன்னால் போகும். இதைத்தான் அட்வான்ஸ் என்கிறோம். ஓர் அளவுக்கு மேல் விலகாமல் தடையில் முட்டி நின்றுவிடும். வேகம் கூடக்கூட உள்ளே காற்று சுழன்று தீயும் சீக்கிரம் பரவுவதால், அதற்கு மேல் அட்வான்ஸ் தேவைப்படாது. பழைய கார் எஞ்சின்களில் மொத்த அட்வான்ஸ் பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். சிலவற்றில் நாலைந்து கூட இருக்கும்.

எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். எனக்கு மருமகன் முறை. பிரீமியர் பத்மினி ஒன்றை வாங்கி, ஹெட்டைச் சீவி, பெரிய கார்புரேட்டர் மாட்டி, சைலன்சரையும் மாற்றி, பொங்கலுக்கு ஓட்டிக்கொண்டு வந்தான். 1089 சிசி எஞ்சின். கம்பெனியிலிருந்து வந்தபோது ஏறக்குறைய நாற்பது குதிரைசக்தி. இந்த வண்டியையும் இதற்கு முந்தைய ஃபியட்டையும்தான் அந்தக் காலத்தில் சோழவரம் விமானத்தளத்தில் ரேஸ் ஓட்டினார்கள். 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய பந்தயங்களைப் பார்க்க சனம் பஸ் பிடித்துப் போகும். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்த பிறகுதான் சோழவரம் ஓய்ந்தது. ஆகவே பத்மினியை ரேஸ் வண்டி ஆக்கப் பார்க்கிறவனை நான் சிரித்து அனுப்ப மாட்டேன். அதற்குப் பெரிய பரம்பரையே இருக்கிறது.

“மாமா, ஆக்சிலேட்டர்ல கால வச்சா துள்ளுது. டிஸ்ட்ரிபியூட்டரக் கொஞ்சம் திருப்பி வச்சேன், வேற வண்டி ஆயிருச்சு” என்றான். அழகாபுரியிலிருந்து கிருஷ்ணன்கோவில் வரை ஓட்டிக் காட்டினான். துள்ளியது உண்மைதான். தெரியாத ஆள் யாராக இருந்தாலும் மயங்கிவிடுவார்.

அந்தத் துள்ளலில்தான் ஏமாற்று இருக்கிறது. பாதி ஆக்சிலேட்டரில், சமதரையில், ஒற்றை ஆளோடு ஓடும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு. நெருக்கம் இல்லாத கலவை மெதுவாக எரியும், ஆகவே கூடுதல் அட்வான்ஸ் கேட்கும். வேக்கம் யூனிட் என்று டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் ஒரு தகர டப்பா ஒட்டியிருக்கிறதே, அதன் வேலையே இந்த லேசான பளுவில் அட்வான்ஸைக் கூட்டுவதுதான். அளவுக்கு மேல் அட்வான்ஸ் வைத்த வண்டி அந்த நேரத்தில்தான் ரொம்ப அழகாக ஓடும். முழு ஆக்சிலேட்டரில், ஏற்றத்தில், நாலு ஆளோடு போகும்போதுதான் அதன் குணம் தெரியும்.

அதனால் செங்கோட்டை தாண்டிப் புளியரை ஏற்றத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். பின்சீட்டில் அவன் கூட்டாளிகள் மூன்று பேர். வளைவில் வேகம் குறைந்து, மூன்றாவது கியரிலேயே அவன் காலை முழுக்க அழுத்தினான். “பாட்ட நிப்பாட்டு மாப்ளே” என்றேன். பாட்டு நின்றதும் கேட்டது. பித்தளைக் குடத்தில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கும் சத்தம். அவன் அதுவரை கேட்டதே இல்லை, ஸ்பீக்கரை அவ்வளவு பெரிதாக வைத்திருந்தான்.

அந்தச் சத்தம் நாக்கிங். பொறி முந்தி விழுந்ததால் அழுத்தம் முந்தி ஏறுகிறது. தீ இன்னும் போய்ச் சேராத மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் நெருக்கத்திலும் தானாகவே ஒரே கணத்தில் பற்றிக்கொள்கிறது. ஹெட்டைச் சீவி நெருக்கத்தைக் கூட்டிய எஞ்சினில் தீ முன்பைவிடச் சீக்கிரம் பரவும், ஆகவே அதற்கு அட்வான்ஸ் குறைவாகத்தான் வேண்டும். இவன் சீவியதும் போதாதென்று அட்வான்ஸையும் கூட்டிவிட்டான். பிளக்கைக் கழற்றி வெயிலில் காட்டினேன். வெள்ளைப் பீங்கானில் ஊசிமுனை அளவு பளபளப்புப் புள்ளிகள். துணியால் துடைத்தால் போகவில்லை. “இது அழுக்கில்ல மாப்ளே, உன் பிஸ்டனோட அலுமினியம்” என்றதும்தான் பையன் முகம் மாறியது. சோழவரத்துக்கு எடுபிடியாகப் போன காலத்தில் பெரிய மெக்கானிக்குகள் எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான். வண்டி பந்தயம் முடிந்து வந்ததும் டிரைவர் சொல்லும் கதைக்குக் காது கொடுக்க மாட்டார்கள். பிளக்கைத்தான் முதலில் கழற்றுவார்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பும்போது நடப்பதைக் கவனித்துப் பார்த்தால் ஒன்று புரியும். ஓர் இடம் வரை திருப்பத் திருப்ப இழுவை கூடும். அதற்குப் பிறகு ரெண்டு மூணு டிகிரிக்கு இழுவை கூடாது, குறையவும் குறையாது. அதையும் தாண்டினால் நாக்கிங் ஆரம்பிக்கும். சில எஞ்சினில் அந்தச் சமமான இடத்துக்குள்ளேயே ஆரம்பித்துவிடும். கெட்டிக்கார மெக்கானிக் சமம் தொடங்கும் முனையிலேயே நின்றுவிடுவான். முழு இழுவை அங்கேயே கிடைத்துவிட்டது, மேலே வைக்கும் ஒவ்வொரு டிகிரியும் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் போகும் அடிதான். தெருவில் ஓட்டுகிற வண்டி என்றால் அதிலிருந்தும் ரெண்டு டிகிரி குறைத்து வைப்பேன். சித்திரை வெயிலில் சூடு ஏறும், ஏதோ ஒரு பங்கில் பெட்ரோல் சுமாராக இருக்கும், ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போகிறேன் என்று தாணிப்பாறை வரை ஆறு பேர் ஏறி உட்காருவார்கள். அதற்கெல்லாம் அந்த ரெண்டு டிகிரி வேண்டும்.

பையன் கேட்டான்: “ரேஸ்காரங்க அப்படியா மாமா விட்டு வைப்பாங்க?” விட மாட்டார்கள்தான். ஆனால் அவர்கள் ஒவ்வொரு பந்தயத்துக்கும் எஞ்சினைப் பிரிக்கிறவர்கள், பிஸ்டன் செட்டுக்குப் பணம் ஒதுக்கி வைத்தவர்கள். கோயம்புத்தூரில் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ஃபார்முலா கார் கட்டினாரே, அந்த ஊர் வளர்த்த ரேஸ் பழக்கத்திலிருந்துதான் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போனார். அது தனி உலகம். அவர்கள் முழுசாக அழுத்துவதைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை ஆபீசுக்குப் போக வேண்டிய வண்டியில் அதைச் செய்யாதே. சம்பளத்தில் பாதியை வண்டிக்கும் மீதியை வண்டிக் கடனுக்கும் கட்டுகிற பையன்களையும் நான் பார்க்கிறேன். மாதம் நல்லபடியாகப் போனால் ஓடும். வீட்டில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அந்த மாதமே நாக்கிங். மிச்சம் வைக்கத் தெரியாதவனை நான் தைரியசாலி என்று சொல்ல மாட்டேன்.

நாக்கிங் சத்தம் கேட்டால் ரெண்டு வழி உண்டு. காரணத்தைத் தேடலாம், அல்லது சத்தத்தை மட்டும் அடக்கலாம். ரெண்டாவது வழியில் உலகமே ஒரு நூற்றாண்டு போய்ப் பார்த்தது. பேட்டரி, காயில், பாயிண்ட் வைத்துப் பொறி போடும் முறையை அமெரிக்காவில் கொண்டுவந்தவர் சார்லஸ் கெட்டரிங். 1910-ல் கேடிலாக் காரில் அது வந்தது, 1912-ல் அவருடைய செல்ஃப் ஸ்டார்ட்டரும் அதோடு சேர்ந்தது. எஞ்சினில் நாக்கிங் கேட்டபோது அவருடைய புது இக்னிஷன் மேலேயே பழி விழுந்தது. அந்தப் பழியைத் துடைக்கத்தான் காரணத்தைத் தேடத் தொடங்கினார். அவரிடம் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி 1921-ல் டெட்ரா எத்தில் ஈயத்தைப் பெட்ரோலில் சில துளி விட்டார், நாக்கிங் நின்றது. 1924-ல் நியூஜெர்சியில் ஈயம் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் சித்தம் கலங்கிச் செத்தார்கள். கொஞ்ச காலம் நின்ற விற்பனை மறுபடியும் தொடங்கியது. நம் நாட்டில் ஈயப் பெட்ரோல் முழுக்க நின்றது 2000-ல், உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் நின்றது 2021-ல். எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள்! சில துளியில் தீர்ந்துபோகும் பிரச்சினையைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பயம்தான்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. நாக்கிங்கை அது குறைக்கும், அந்த வகையில் 87 ஆக்டேன் பெட்ரோலில் ஓடிய எங்கள் காலத்தைவிட நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். ஆனால் பழைய கார்புரேட்டரின் ஜெட்டுக்குக் கலவை மெலிந்து போகும், பழைய ரப்பர் குழாய்களும் டயாஃப்ரமும் ஊறிக் கெடும். அதைச் சரி பண்ணாமல் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும்.

டைமிங் முதல் வேலை இல்லை. இதைப் பையன்கள் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. டாப்பெட் இடைவெளி, பிளக், பாயிண்ட், அதன் பிறகு டைமிங், அதற்கும் பிறகு கார்புரேட்டர். பாயிண்ட் இடைவெளியை மாற்றினாலே டைமிங் மாறிவிடும். இடைவெளி கூடினால் பாயிண்ட் முந்தித் திறக்கும், அட்வான்ஸ் ஏறும். கேமில் உரசும் கட்டை தேய்ந்து இடைவெளி குறைந்தால் பொறி பிந்தும், அதாவது ரிட்டார்ட் ஆகும். முதலில் டைமிங், பிறகு பாயிண்ட் என்று தலைகீழாகச் செய்தவன் மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டியதுதான். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது.

பத்மினியை வேப்ப மரத்தடியில் நிறுத்தி நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். போல்ட்டில் கை வைக்கும் முன், டிஸ்ட்ரிபியூட்டர் இப்போது நிற்கும் இடத்தில் எஞ்சினோடு சேர்த்து ஒரு கோடு கீறச் சொன்னேன். “எப்படியும் தப்பான இடம்தானே மாமா, எதுக்குக் கீறணும்?” என்றான். தப்பான இடம் எது என்று தெரிந்தால்தானே சரியான இடம் எவ்வளவு தள்ளி என்று தெரியும். மூடியைக் கழற்றி ரோட்டாரைக் கையால் முறுக்கிப் பார்த்தேன். முறுக்கினால் லேசாக அசைந்து, விட்டால் ஸ்பிரிங்கில் தானாகத் திரும்ப வேண்டும். இது போன இடத்திலேயே நின்றது. வருஷக்கணக்கில் நின்று கிடந்த வண்டி, எடைகள் துரு ஏறி இறுகிவிட்டிருந்தன. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, ஊசி முனையில் ஒரு சொட்டு ஆயில். வேக்கம் குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் அடைத்தால், டயாஃப்ரம் நன்றாக இருந்தால் நாக்கு ஒட்டிக்கொண்டு நிற்கும். இதில் காற்று வந்துகொண்டே இருந்தது, கிழிந்திருக்கிறது. ரெண்டும் வேலை செய்யாத வண்டி மந்தமாகத்தானே இருக்கும்? அந்த மந்தத்தைப் போக்கத்தான் இவன் மொத்தமாகத் திருப்பி வைத்திருக்கிறான். சமதரையில் துள்ளியது, ஏற்றத்தில் பிஸ்டனைத் தின்றது.

இதை வேலையிடத்திலும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆள் குறைவாக இருக்கிறது, சாமான் சரியில்லை, கணக்கு எழுதுவதில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து, நன்றாக வேலை செய்கிற ஒருத்தனை விரட்டுவார்கள். கொஞ்ச நாள் ஓடும்.

புல்லியில் இருக்கும் மார்க்கையும் அப்படியே நம்பாதே. சில வண்டிகளில் புல்லியின் வெளிவளையம் ரப்பரில் ஒட்டியிருக்கும், வயசானால் வழுக்கி நகர்ந்துவிடும். வேறு எஞ்சின் கவர் மாட்டியவர்களும் உண்டு. உச்சியில் பிஸ்டன் சில டிகிரிக்கு அசையாதது போலவே நிற்பதால், பிளக் ஓட்டையில் கம்பியை விட்டு உச்சியைக் கண்டுபிடிக்கிறேன் என்பது ஏமாற்று. அதற்குப் பதில், ஒன்றாம் சிலிண்டர் பிளக் ஓட்டையில் ஒரு தடையை மாட்டி, எஞ்சினைக் கையால் ஒரு பக்கம் மெதுவாகச் சுற்று. பிஸ்டன் முட்டிய இடத்தில் புல்லியில் ஒரு புள்ளி. எதிர்ப்பக்கம் சுற்றி முட்டிய இடத்தில் இன்னொரு புள்ளி. ரெண்டுக்கும் நடுதான் உண்மையான உச்சி. ஸ்டார்ட்டரை மட்டும் தொட்டுவிடாதே, ஹெட் போய்விடும்.

பிறகு பல்பு. பன்னிரண்டு வோல்ட் பல்பின் ஒரு வயர் டிஸ்ட்ரிபியூட்டர் டெர்மினலில், மற்றது பாடியில். எஞ்சினை முதல் சிலிண்டர் நெருக்கத்தில் மார்க்குக்குக் கொண்டுவந்து, இக்னிஷனைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால் பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். பழைய லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் சிலவற்றில் இதற்கென்றே ஒரு திருகு உண்டு. ஒரு பக்கம் ஏ, மறுபக்கம் ஆர் என்று போட்டிருக்கும், கிளிக் கிளிக்கென்று நகரும். கண்ணால் பார்த்துத் திருப்புகிற எங்கள் கைக்கு அது பெரிய மரியாதை. ஸ்டார்ட் பண்ணிய பிறகு, வேக்கம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு டைமிங் லைட்டைக் காட்டு. மார்க்கில் வெள்ளை ஒயிட்னர் ஒரு பொட்டு வைத்தால் ஓடுகிற புல்லியில் அது நின்ற இடத்தில் நிற்பது தெரியும். நிற்காமல் முன்னும் பின்னும் ஆடினால் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ் தேய்ந்துவிட்டது. அதை எத்தனை திருப்பினாலும் சரி பண்ண முடியாது, லேத்துக்குப் போக வேண்டியதுதான்.

பயந்துபோய் அளவுக்கு மேல் குறைத்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தப்பு. நாக்கிங் காதில் விழுந்தாவது எச்சரிக்கும், ரிட்டார்ட் சத்தம் போடாமல் கெடுக்கும். தீ முடியும் முன்பே வால்வு திறந்து சூடு முழுக்க சைலன்சர் பக்கம் போகும். எக்சாஸ்ட் வால்வு கருகும், ரேடியேட்டர் கொதிக்கும், பெட்ரோல் குடிக்கும். ஓட்டுகிறவன் வண்டிக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

கடைசியாகப் பையனின் வண்டியைக் கீறின கோட்டிலிருந்து பின்னால் கொண்டுவந்து வைத்தோம். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு மாற்றம், அதே ஏற்றம், அதே கியர், அதே மூன்று பேர். நோட்டில் எழுதச் சொன்னேன், செல்போனில் இல்லை, கரி படிந்த கையால் செல்போனைத் தொட அவனுக்கே மனசு வராது. நாக்கிங் நின்ற இடத்திலிருந்து ரெண்டு டிகிரி குறைத்துப் போல்ட்டை இறுக்கினான். சமதரையில் முன்பு போலத் துள்ளவில்லை என்று முகம் சுண்டியது. புளியரையில் மூன்றாவது கியரிலேயே எஸ் வளைவு தாண்டி ஏறியபோது ஒன்றும் பேசவில்லை.

வேக்கம் டயாஃப்ரம் இன்னும் கிழிந்துதான் இருக்கிறது. மதுரையில் பழைய ஸ்டாக் வைத்திருக்கும் கடைகளில் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அது வந்தால் அவன் கேட்ட துள்ளலில் பாதி, ஏற்றத்தைத் தொடாமல், தானாகவே திரும்ப வரும்.